திறப்பைத் திருப்ப ஓர் ஆள்

ஓகஸ்ட் பதினேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடிந்து கொஞ்ச நேரத்தில் எழுந்து தண்ணீர் மோட்டரைப் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை பின்வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்தேன். தேவாலயத்தில் முதல் பூசைக்குப் போய்வந்தேன். வரும் வழியில் சந்திக் கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்கினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து தம்பி வருவதாக இருந்ததால் இரண்டு பேருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பிகளில் படிந்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு அது வாராந்த வேலை. எல்லாம் முடிந்தபின் முன் போர்ட்டிக்கோவுக்குப் போய், காரை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கி, இடப்பக்க இருக்கைக்கு முன்னால் இருக்கும் சிறிய லாச்சியைத் திறந்தேன். எங்கள் கல்யாண அழைப்பிதழின் துண்டு, என் கணவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

விரலளவு அகலத்தில் நீளமாக வெட்டிய துண்டு அது. ஒரு பக்கத்தில் பொன்னிற எழுத்தில் ‘அன்புடன் அழைக்கி’ என்பது வரை இருக்கும். மிச்ச எழுத்துகள் கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை. மற்ற முனை எண்ணெய் ஊறிக் கறுத்து, தொட்டால் இப்போதும் விரலில் ஒட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தம்பிக்காகக் காத்திருந்தேன். அன்றைக்கு நாங்கள் செய்யப்போகிற வேலை முடிந்தால் அந்தத் துண்டுக்கு இனி வேலை இல்லை. காரும் மறுநாள் கொள்ளுப்பிட்டிக்குப் போய்விடும்.

கார் என் கணவருடையது. அவர் போன மாரி தொடங்கும்போது காலமானார். ஆங்கிலேயர் செய்த, இரண்டே இருக்கைகளும் துணிக் கூரையும் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. எங்கள் கல்யாணத்துக்கு முந்திய வருடம் ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தின் மூலையில், சாக்குகளுக்கு அடியில் கிடந்ததை அவர் கண்டெடுத்தார். வீட்டு வரைபடங்கள் கீறுவது அவருடைய தொழில். பென்சில் சீவுவதற்குக்கூட ஓர் ஒழுங்கு வைத்திருந்த மனிதர், வாழ்க்கையில் ஒழுங்கில்லாமல் செய்த காரியங்கள் இரண்டு என்று தானே சொல்வார்: ஒன்று அந்தக் கார், மற்றது நான். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம்; அவர் வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவர். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம்.

பழைய கார்களில் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கிடைப்பது இரண்டு சின்ன உலோக முனைகளால். பொயின்ட் என்பார்கள். எஞ்சின் சுற்றச் சுற்ற அவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு பொறி. அவை திறக்கும் இடைவெளி சரியாக இருக்கவேண்டும். கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ கார் இருமும், திக்கும், சந்தியில் நின்றுவிடும். எங்கள் கடற்காற்றில் அந்த முனைகள் ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் பூசையால் வந்து செருப்பைக் கழற்ற முதல், போர்ட்டிக்கோவிலிருந்து அவருடைய குரல் வரும்.

“நீர் கொஞ்சம் வாரும். திறப்பைத் திருப்ப ஆள் வேணும்.”

நான் பூசைக்கு உடுத்த சேலையோடு போய்ச் சாரதி இருக்கையில் உட்காருவேன். பொனட் திறந்திருப்பதால் எனக்கு அவருடைய முகம் தெரியாது. பொனட்டுக்கும் காரின் உடம்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் அவருடைய சட்டையின் இரண்டு பொத்தான்கள் மட்டும் தெரியும். முனைகளைச் சின்ன அரத்தால் உராய்ந்து, துணியால் துடைத்து முடித்ததும் “இப்ப” என்பார். நான் திறப்பை, அதுதான் கார்ச் சாவியை, ஒரு கணம் திருப்பி விடுவேன். எஞ்சின் ஒரு துள்ளுத் துள்ளி நிற்கும். முனைகள் முழுதாகத் திறந்த நிலையில் நிற்கும்வரை இப்படித் துள்ளவைக்கவேண்டும்.

“போதும்... கொஞ்சம் கூடிப்போச்சு. திரும்ப ஒருக்கா.”

“நீங்கள் போதும் எண்டதும் விட்டனான்.”

“நீர் விட்டனீர். எஞ்சின் விடேல்லை.”

முனைகள் சரியாகத் திறந்து நின்றதும், அந்த அட்டைத் துண்டை இடையில் செருகி, அது இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் வழுக்கிப் போகும்படி வைத்து ஸ்குரூவை முடுக்குவார். தடிப்பு அளக்கும் இரும்புத் தகடுகள் அவரிடம் இருந்தன. உப்பில் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வேறு எதையாவது தேடி பஸ் டிக்கட், பால்மாப் பெட்டி, விசிட்டிங் கார்ட் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் கல்யாண அழைப்பிதழ்தான் அந்த இடைவெளிக்கு அச்சொட்டான தடிப்பு என்று கண்டுபிடித்தார். அலுமாரியின் அடித்தட்டில் கட்டுக் கட்டாக அழைப்பிதழ்கள் மிஞ்சிக் கிடந்தன.

“உம்மட ஆக்களும் வரேல்லை, எங்கட ஆக்களும் வரேல்லை,” என்றார். “நல்லதாப் போச்சு. காருக்கு ஆயுள் முழுக்கக் காணும்.”

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கார் சரியாக ஸ்டார்ட் ஆனதும் கையைக் கழுவிக்கொண்டு வருவார். கூரையை மடித்துவிட்டுக் கல்கிசை வரை போய்த் திரும்புவோம். போகும் வழியில் பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டோம். காற்றுச் சத்தத்தில் கதைத்தாலும் கேட்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய கோயிலுக்கு நான் போவதில்லை, என்னுடைய கோயிலுக்கு அவர் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கார்தான்.

அவர் போனபின் கார் போர்ட்டிக்கோவிலேயே நின்றது. தம்பி வந்து இரண்டொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். இருமிவிட்டு நின்றது. வெள்ளவத்தையில் ஓடாமல் நிற்கும் காரை உப்பு தின்றுவிடும். கதவின் அடியில் துரு கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. விற்றுவிடுவதுதான் காருக்கு நல்லது என்று நானே முடிவு செய்தேன். கொள்ளுப்பிட்டியில் கிளினிக் வைத்திருக்கும் இளம் டொக்டர் ஒருவர் வந்து பார்த்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையை வைக்காமல் கண்ணாலேயே தடவினார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் திறப்பைத் திருப்பியபோது கார் வழக்கம்போல இருமியது.

“அன்ட்டி, காரு சரியான வடிவு. ஆனா எனக்கு ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் ஆகணும். இந்தப் பொயின்ட் எல்லாம் பாக்க எனக்கு டைம் இல்ல. எலக்ட்ரோனிக் பெட்டி ஒண்டு போட்டு வெச்சீங்கண்டா, திங்கக்கிழம வந்து எடுத்துட்டுப் போறேன்.”

அந்தப் பெட்டி எங்களிடம் இருந்தது. பொயின்ட் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் காந்தக் கண்ணைப் பூட்டி, அதன் வயர்களை ஒரு கறுத்தப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், பொறியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். உரசுகிற முனை இல்லை, கறுப்பதற்கு ஒன்றும் இல்லை, இடைவெளி வைக்கத் தேவையே இல்லை. அவர் எப்போதோ வெளிநாட்டிலிருந்து தருவித்து இரும்பு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். தூசி தட்டும்போது ஒருமுறை, இதை எப்போது பூட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். “பிறகு பாப்பம்,” என்றார். அவர் பார்க்காமல் விட்ட வேலைகளில் அதுவும் ஒன்று என்று நினைத்து, தூசி தட்டித் தட்டி அதே இடத்தில் வைத்துவந்தேன்.

தம்பி ஒன்பது மணியைத் தாண்டித்தான் வந்தான். அவன் துறைமுகத்தில் கிளாக். எந்த வேலைக்கும் ஒரு வீடியோ பார்த்தால் காணும் என்று நம்புகிறவன். இடியப்பத்தைச் சாப்பிட்டபடியே போனில் இரண்டு வீடியோ பார்த்து முடித்தான்.

“சிம்பிள் வேல அக்கா. பதினோரு மணிக்கு முடிச்சிட்டு நான் கிரிக்கட் பாக்கப் போறேன்.”

பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரத்தை நான்தான் வாசித்தேன். முதல் வரியே எச்சரிக்கை. பற்றரியின் மைனஸ் பக்கம் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும் கார்களுக்கு மட்டுமே இந்தப் பெட்டி. மாறிப் பூட்டினால் எரிந்துவிடும். எங்கள் கார் மற்றக் கார்களைப் போல இல்லை, அதில் ப்ளஸ் பக்கம்தான் உடம்போடு சேரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பற்றரிக் கடைப் பெடியன் வந்தால் அவர் பக்கத்திலேயே நின்று, “மல்லி, ப்ளஸ் எக்க பொடி எக்கட்ட” என்று, ப்ளஸ்தான் உடம்புக்கு என்பதைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லுவார். ஆகவே முதல் வேலை பற்றரியின் இரண்டு வயர்களையும் கழற்றி மாற்றிப் பூட்டுவது என்று தம்பிக்குச் சொன்னேன். அவன் இருக்கைகளுக்குப் பின்னால் குனிந்து, முனகி, இரண்டையும் கழற்றினான். பிறகு மாற்றிப் பூட்டப் பார்த்தான்.

“இது போகுதில்லயே அக்கா. வாய் சின்னனா இருக்கு.”

பற்றரியில் ப்ளஸ் முளை கொஞ்சம் தடிப்பு, மைனஸ் முளை மெல்லியது. உடம்போடு சேர்ந்த வயரின் பிடி, மெல்லிய முளைக்கு அளவானது. தடித்ததில் அது ஏறவே மாட்டேன் என்றது. தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“நீங்க தலகீழாச் சொல்றீங்க. இது முந்தியே மைனஸ்லதான் இருந்திருக்கு. மாத்திப் போட்டிருந்தா பெட்டி புகைஞ்சிருக்கும், டொக்டருக்கு சாம்பலத்தான் குடுத்திருப்போம்.”

நான் பிழைவிடமாட்டேன் என்று நினைக்கிற விஷயங்கள் சில உண்டு. அவற்றில் அந்தக் காரும் ஒன்று. கடைசி வருடங்களில் பற்றரிக் கடைப் பெடியனிடம் அவர் அந்த வசனத்தைச் சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக நினைவில்லை. சரி, பெட்டியைப் பூட்டுவதற்காக முன்கூட்டியே மாற்றி வைத்திருக்கிறார், பிறகு நேரம் கிடைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். தம்பி பழையபடியே வயர்களைப் பூட்டிவிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்துச் சுவரில் பெட்டியை வைக்க இடம் தேடினான். துளை போடுவதற்கு அவன் கொண்டுவந்த ட்ரில் தரையில் கிடந்தது. கண்ணாடி துடைக்கும் தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் நகர்த்தினான்.

“அக்கா, இங்க வாங்க.”

போத்தலுக்குப் பின்னால் இரண்டு துளைகள். ஒவ்வொன்றுக்கும் சின்ன ரப்பர் மூடி, ஓரத்தில் துருப்பிடிக்காமலிருக்கத் தூரிகையால் தொட்ட கிரீம் நிறப் பெயின்ட். தம்பி மூடிகளைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் பொருத்தினான். இரண்டு துளைகளும் பெட்டியின் இரண்டு காதுகளுக்கும் நேராக நின்றன. வயர்களை விரித்தான். கடையில் வருகிற நீளம் இல்லை. யாரோ அளந்து வெட்டி, முனைகளில் பிடி போட்டு வைத்திருந்தார்கள். ஒன்று, பொறிக்கு மின்சாரம் அனுப்பும் கொயில் வரை சரியாகப் போய் நின்றது. மற்றது பொயின்ட் இருக்கும் இடம் வரை சரியாகப் போய் நின்றது. ஒரு விரற்கடை மிச்சமில்லை, குறையவுமில்லை. பெட்டியின் வரிகளுக்கிடையில் எஞ்சின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்ததை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தோம்.

“இது புதுசு இல்ல,” என்றான் தம்பி. “பூட்டி, ஓடி, கழட்டின பெட்டி.”

“அவர் ஒருநாளும் பூட்டேல்லையடா. ஞாயிறு ஞாயிறா நான்தானே திறப்பைத் திருப்பினனான்.”

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டான்.

“அம்மா இடுப்பு முறிஞ்சு படுத்த நேரம் நீங்க எங்கட வீட்டில இருந்தீங்க. அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் காரில வந்தாரே. அப்ப அவருக்கு யாரு திறப்பைத் திருப்பினது?”

நான் சாரதி இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

அம்மா கட்டிலில் கிடந்த அந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எங்கள் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. அதற்குப் பிறகும் என் கணவரைப் பற்றிக் கேட்பதில்லை. நான் கொட்டாஞ்சேனையில் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும், பூசை விட்டு ஆட்கள் கலையும் நேரத்தில், கீழே இரண்டு குட்டி ஹோர்ன் சத்தம் கேட்கும். என் கணவர், மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் பையோடு படியேறி வருவார். முதல் ஞாயிறு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகொரு ஞாயிறு மாலுபாணில் பாதியைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு, ஹோர்ன் கேட்பதற்கு முன்பே, “உன்ட ஆள் இன்னும் வரேல்லயா?” என்று கேட்கத் தொடங்கினார். என் கணவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை, ஒரு ஞாயிறும் பிந்தவில்லை. கோட்டையையும் புறக்கோட்டையையும் தாண்டி அவ்வளவு தூரம் வந்தும் கார் ஒருமுறைகூட இருமவில்லை. திரும்பிப் போகும்போது பல்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சந்தி திரும்பும்வரை எஞ்சின் ஒரே சீராக ஓடும். ஒருநாள் கீழே இறங்கி வழியனுப்பும்போது சொன்னேன்.

“கார் இப்ப நல்லாத்தான் ஓடுது.”

“ஓம், கொட்டாஞ்சேனைக் காத்து இதுக்குப் பிடிச்சுக்கொண்டுது,” என்றார்.

அம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவர் என்னைக் கூட்டிப்போக வந்தார். சூட்கேசை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கார் பம்பலப்பிட்டியில் இருமியது. வெள்ளவத்தைச் சந்தியில் நின்றேவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவருக்குக் கோபமே வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீரா? நீர் இல்லாமல் இது பழுதாப் போச்சு.”

மறுநாள் ஞாயிறு. செருப்பைக் கழற்ற முதல் குரல் வந்தது. நீர் கொஞ்சம் வாரும். திறப்பைத் திருப்ப ஆள் வேணும். நான் போய் உட்கார்ந்தேன். இடுக்கில் சட்டைப் பொத்தான்கள் இரண்டும் தெரிந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள். பொனட்டைத் திறந்தபடி, அட்டைத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் நின்ற இடத்திலிருந்து, ரப்பர் மூடி போட்ட அந்த இரண்டு துளைகளும் ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கின்றன. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவை தெரியா.

ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கத்தான் இப்போது ஆசையாக இருக்கிறது. பதில் எனக்குத் தெரியும்; ஆனாலும் அவர் அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேட்கவேண்டும்போல இருக்கிறது. பெட்டிக்குச் சூடு ஒத்துவரவில்லை என்று ஏதாவது சொல்லியிருப்பார். முகத்தைப் பொனட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். வாரத்தில் ஆறு நாளும் எனக்கு வேலை இருக்கிறது; அலுவலகம், கடை, வீடு என்று போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற அந்த நேரம்தான் கடக்கமாட்டேன் என்கிறது. கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன். ஒருவரும் கூப்பிடுவதில்லை.

தம்பி பெட்டியைப் பூட்டி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. எல்லாம் முன்பே ஒருவர் அளந்து வைத்திருந்ததால் ட்ரில்லுக்கு வேலையே வரவில்லை. பழைய பொயின்டைக் கழற்றி என் கையில் தந்தான். அதைத் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு சின்ன டின்னில் போட்டேன். அவன் ஸ்டார்ட் பண்ணினான். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. கொட்டாஞ்சேனைப் பல்கனியில் நின்று நான் கேட்ட அதே சீரான சத்தம்.

“பாத்தீங்களா! டொக்டர் நாளைக்கு வந்து பாத்து மயங்கப்போறார்.”

“டொக்டருக்கு வேண்டாமெண்டு சொல்லப்போறன்.”

“என்னது?”

“கார் இஞ்சயே நிக்கட்டும். நான் ஓடுறன்.”

“நீங்களா? இத்தன வருஷமா நீங்க அந்தத் திறப்பத் திருப்பினதத் தவிர வேற என்ன செஞ்சீங்க?”

“லைசன் கிடக்குது. மிச்சத்தைப் பழகலாம்.”

“நல்லாருக்கு! குனிஞ்சு குனிஞ்சு என்ட இடுப்பும் அம்மாட இடுப்பு மாதிரி ஆச்சு. இப்ப விக்க இல்லையாம்.” கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, “அப்ப அந்தப் பெட்டியக் கழட்டி பழையபடி பொயின்டப் போடவா?” என்று கேட்டான். அவனுக்கும் ஏதோ விளங்கியிருந்தது.

வேண்டாம் என்றேன். வீட்டில் தனியாக இருந்த நாட்களில், என்னிடம் வருவதற்காக அவர் அதைப் பூட்டினார். நான் திரும்பி வரப்போகிறேன் என்றதும் அது தேவையில்லாமல் போயிற்று. இப்போது இந்த வீட்டில் தனியாக இருப்பது நான். பின்னேரம் டொக்டருக்குப் போன் பண்ணினேன். அவருக்கு மனவருத்தம்தான், காரணம் கேட்டார். இன்னும் ஓட ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அட்டைத் துண்டை அது இருந்த லாச்சியிலேயே திரும்ப வைத்தேன்.

மறுநாள், திங்கட்கிழமை. தண்ணீர் மோட்டரைப் போடவில்லை, கேத்தலை வைக்கவில்லை. முதல் வேலையாகப் போர்ட்டிக்கோவுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிச் சாரதி இருக்கையில் உட்கார்ந்தேன். பொனட் மூடியிருந்தது. அத்தனை வருடமும் பொனட்டின் உட்பக்கத்தையே பார்த்த இடத்திலிருந்து அன்றைக்குக் கேற்றும், ஒழுங்கையும், அதன் முடிவில் கடலும் தெரிந்தன. திறப்பைப் போட்டுக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு இருந்தேன். கல்கிசைப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து கடந்துபோனது. நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

“இப்ப,” என்று நானே சொல்லி, திறப்பைத் திருப்பினேன்.